சாட்சிக் கூட்டிலே நம் தமிழ்

"கோடு கச்சேரி ஏறாத குடும்பம்" என்பது யாழ்ப்பாணத்திலே சம்பந்தம் பேசும்போது சொல்லப்படும் நற்சான்றுகளுள் ஒன்று. அப்படிச் சொல்லிக்கொள்பவர்களின் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால், காணி உறுதிகளோடு இரண்டொரு வழக்குத் தீர்ப்பின் பிரதிகளும் மடித்துக் கிடக்கக் காணலாம். வேலி, ஒழுங்கை, பங்குக் கிணறு, சீதனம் என ஏதோவொன்றின் பொருட்டுக் கோட்டுக்குப் போகாத பரம்பரை நம்மிடையே அரிது. போனவர்கள் பலர், அங்கே எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதைப் பின்வந்தவர்களுக்குச் சொல்லி வைத்தவர்கள் மிகச் சிலர்.

ஆசிரியர்களாகிய நாமும் சொல்லிக் கொடுத்தோமல்லோம். மேடைப் பேச்சு பழக்குகிறோம். விவாத அரங்கிலே எதிர்க்கட்சியை மடக்கப் பழக்குகிறோம். பட்டிமன்றத்திலே கைதட்டல் வாங்கப் பழக்குகிறோம். கண்டதைக் கண்டபடி, கேட்ட கேள்விக்கு மட்டும் விடையாக, நான்கு பேர் முன்னிலையிற் சொல்லுதற்குப் பழக்குவதில்லை. மேடைப் பேச்சும் சாட்சியும் ஒரு வாயிலிருந்து பிறப்பனவாயினும் ஒன்றுக்கொன்று பகையானவை. இதை நான் நூலிலே படித்து அறியவில்லை.

1972 ஆம் ஆண்டு. நான் இளம் ஆசிரியன். எங்கள் ஊரிலே கைம்பெண் ஒருவரின் வேலிக் கதியால்களைப் பக்கத்துக் காணிக்காரர் பிடுங்கி, இரண்டு முழம் உள்ளே தள்ளி நட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அதைக் கண்ணாற் கண்டவன் நான். வழக்கு வந்தது. "மாஸ்ரர் படிச்சவர், அவர் வந்து ஒரு சொல்லுச் சொன்னாற் போதும்" என்று அந்த அம்மா என்னை நம்பினார். வெள்ளை வேட்டியும் நாசனலும் உடுத்து, நெற்றியிலே நீறு பூசி, ஒரு சொற்பொழிவை மனத்திலே ஆயத்தஞ்செய்துகொண்டு போனேன். அக்காலத்திலே பிரக்கிராசியென்றும் அப்புக்காத்தென்றும் வழக்கறிஞர் இரு வகையினராயிருந்தனர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கிய பின்னரே இரு வகையினரும் சட்டத்தரணிகள் ஆயினர். எதிராளிக்காக வந்தவர் ஓர் அப்புக்காத்து. என்னிலும் வயதிற் குறைந்தவராகத் தோன்றினார். எழுந்ததும், "நீர் எத்தனை வருஷமாய்ப் படிப்பிக்கிறீர்?" என்றார்.

"நீர்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே என் நிதானத்தின் பாதி போயிற்று. மாணவர்களின் பெற்றோர் எல்லாரும் "நீங்கள்" என்று அழைக்கக் கேட்டுப் பழகிய செவி. பின்னர் அறிந்தேன், அது கோட்டுத் தமிழ். பேராசிரியரையும் அப்படித்தான் கேட்பர், பெருந்தோட்டத் தொழிலாளியையும் அப்படித்தான் கேட்பர். அன்று அது விளங்கவில்லை. பதில் சொல்வதை விட்டு அவரை வெல்லுவதிலே முனைந்தேன். கதியால் பிடுங்கியதை எப்போது கண்டீர் என்று கேட்டார். "பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை" என்றேன். அது உண்மை. "என்ன திகதி?" என்றார். "திகதி ஞாபகமில்லை" என்று சொல்லி அதிலேயே நின்றிருக்கலாம். வரவுப் புத்தகத்தில் நாள்தோறும் திகதி எழுதுகிற வாத்தியாருக்குத் திகதி தெரியாதா என்று சபை நினைத்துவிடுமோ என்ற வீம்பிலே ஒரு திகதியைச் சொன்னேன். அவர் அவசரப்படாமல் ஒரு பஞ்சாங்கத்தை விரித்து, அத்திகதி செவ்வாய்க்கிழமை என்று காட்டினார். செவ்வாய் என்றால் வெள்ளி பொய்; வெள்ளி என்றால் திகதி பொய். நான் கோபித்து ஏதேதோ விளக்கினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி இரு தடவை பணித்தார்.

அந்த அம்மா வழக்கிலே தோற்றார். என் ஒரு திகதிதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய உறுதியிலும் எல்லைகளிற் குழப்பமிருந்தது. ஆனால் நான் கண்டது உண்மை, அவ்வுண்மை ஏட்டிலே ஏறவில்லை.

நிற்க. நம் இலக்கியத்தையும் கொஞ்சம் பார்ப்போம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பள்ளியிலே ஓர் ஆவேசக் காட்சியாகவே படிப்பிக்கிறோம்; நாடகத்திலும் கண்ணகி தலைவிரி கோலமாய் அலறுகிறாள். ஆத்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவள் சொல்லியவற்றை மட்டும் ஒரு நீதிமன்றப் பதிவேடாகப் படித்துப் பாருங்கள். யார் என்று அரசன் கேட்கிறான். தன் ஊர், தன் கணவன் இன்னாருடைய மகன், அவன் எதற்காக மதுரைக்கு வந்தான், என்ன நேர்ந்தது, தன் பெயர் என்ன என்பவற்றை ஒழுங்காகச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோலன்று என்று அரசன் தன் பக்கத்தைச் சொல்கிறான். அவள் அதற்கு நீண்ட மறுப்புரை கூறவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவன் தன்னுடையது முத்து என்கிறான். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது. வழக்கு அவ்வளவில் முடிந்தது. இருவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரேயொரு சோதனையிலே முழு வழக்கையும் கொண்டுபோய் நிறுத்திய அந்தத் திறம் நல்ல சட்டத்தரணிகளுக்கும் எளிதில் வாய்ப்பதன்று. அரசனை ஆராய்ச்சியில்லாதவன் என்று அவள் எடுத்த எடுப்பிலே விளித்தது மாத்திரம் இக்காலத்து நீதிமன்றத்திலே அவமதிப்பாகிவிடும். (2024 இல் நம் நாட்டிலே நீதிமன்ற அவமதிப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.) ஆயினும், பொற்கொல்லன் ஒருவனுடைய சொல்லை மட்டும் கேட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தையும் கேளாமல் கொலைக்களத்துக்கு அனுப்பிய அரசனுக்கு அந்த விளி பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு எதிரான நடத்தையைக் காண வேண்டுமானாற் பெரிய புராணத்துக்குப் போகலாம். திருமணப் பந்தலிலே முதிய வேதியர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் நகைக்கிறார், வைகிறார், ஈற்றிலே துரத்திச் சென்று ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே விசாரணை நடந்தபோது முதியவர் அமைதியாகச் சொன்னது, கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை என் கையிலிருக்கிறது என்பதே. அனுபவம், ஆவணம், சாட்சி என்ற மூவகைச் சான்றுகளுள் ஒன்றைச் சபையோர் கேட்கின்றனர். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்பு நோக்குகின்றனர். வந்தவர் இறைவனென்பது பக்தர்க்குத் தெரியும்; சபைக்குத் தெரியாது. ஆவணத்தைக் கிழித்தவன் மீதும் அச்சபை ஆத்திரப்படவில்லை என்பதே எனக்கு அதிலே பெரிய வியப்பு.

இனி நம் நாட்டு நீதிமன்றத்துக்கு வருவோம். புறநடத்தை பற்றிச் சொல்லவேண்டியவை அதிகமில்லை. நீதிபதி வரும்போதும் எழும்போதும் எல்லாரும் எழுந்து நிற்பர். உள்ளே புகும்போதும் வெளியேறும்போதும் ஆசனத்தை நோக்கித் தலை வணங்குவர். துப்புரவான, ஆரவாரமற்ற உடை போதும். வெற்றிலை மெல்லுதல், கால்மேற் கால் போடுதல், அயலவரோடு குசுகுசுத்தல், கைத்தொலைபேசியை ஒலிக்க விடுதல் ஆகியவை ஆகா. "கனம் நீதிபதி அவர்களே" என்றாலும் "ஐயா" என்றாலும் மரியாதைதான். சொல்லிலும் குரலிலேதான் மரியாதை தெரிகிறது. கேள்வி எவரிடமிருந்து வந்தாலும் பதில் நீதிபதிக்கே உரியது. ஆதலால் முகத்தை அவர் பக்கம் திருப்பிச் சொல்லவேண்டும். இப்படித் திரும்புவதிலே இன்னொரு நன்மையுமுண்டு. கேள்வி கேட்டவரின் கேலி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அன்று இதை எனக்கு எவரேனும் சொல்லியிருந்தால்!

சத்தியம் பற்றி ஒரு வார்த்தை. 1895 ஆம் ஆண்டின் சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டப்படி, கிறித்தவர் சத்தியஞ் செய்வர். சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் உறுதியுரை கூறலாம். கோயிலிலே கற்பூரம் கொளுத்திச் செய்வதுதான் சத்தியம், கோட்டிலே சொல்வது வெறும் வாய்ப்பாடு என்று எண்ணுவோர் நம் ஊரிலே இன்னமும் உளர். இரண்டிலும் கட்டுப்பாடு ஒன்றே. விசாரணையிலே தெரிந்து பொய்ச்சாட்சி சொன்னவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவை 7 ஆண்டு வரை சிறை விதிக்க இடந்தருகிறது.

நான் நீட்டிச் சொல்ல விரும்புவது மொழியைப் பற்றி. நம் அன்றாடத் தமிழிலே உள்ள சில வழக்குகள் திண்ணையிலே அழகானவை. சாட்சிக் கூட்டிலே ஆபத்தானவை. வேறு சில வழக்குகளோ நீதிமன்றத்துக்கென்றே செய்துவைத்தாற் போன்றவை; நாம்தான் அவற்றைக் கைவிட்டுவிடுகிறோம்.

"அவன் வந்தான்" என்பதற்கும் "அவன் வந்தானாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது! கண்டது முன்னது, பிறர் சொல்லக் கேட்டது பின்னது. ஆங்கிலத்திலே இதைச் சொல்லத் தனியாக ஒரு வாக்கியங் கட்டவேண்டும். தமிழிலே "ஆம்" என்ற ஈற்றுச் சொல் ஒன்று போதும். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு விதிப்பதும் இவ்வேறுபாட்டையே. கண்ணாற் காணக்கூடிய பொருளாயின் கண்டவனே வந்து கண்டேன் என்று சொல்லவேண்டும். காதாற் கேட்கக்கூடிய பொருளாயின் கேட்டவனே வந்து கேட்டேன் என்று சொல்லவேண்டும். ஆனால் ஊரிலே ஒரு செய்தியை நாம் பத்துப் பேரிடம் கேட்டு உறுதியாக நம்பத் தொடங்கியதும் என்ன செய்கிறோம்? "வந்தானாம்" என்பது மெல்ல "வந்தான்" ஆகிவிடுகிறது. பல சாட்சிகள் பொய் சொல்ல வருவதில்லை. அந்த "ஆம்" என்பதை விழுங்கிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையிலே "நீர் நேரே கண்டீரா?" என்று கேட்கப்படும்போது விழுங்கியது வெளியே வருகிறது, அதனோடு அவர்கள் மெய்யாகவே கண்டவற்றின் மதிப்பும் போய்விடுகிறது.

அடுத்தது நம்முடைய "ஓம்". "நீர் அன்று கடைக்குப் போகவில்லையா?" என்று கேட்டால் நாம் "ஓம்" என்போம். நம் மனத்திலே அதன் பொருள், "நீர் சொல்வது சரி, நான் போகவில்லை" என்பது. அதை ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திலே பெயர்த்துவிட்டால், போனேன் என்று ஒப்புக்கொண்டதாகவும் படிக்கலாம். மேன்முறையீட்டிலே ஏட்டைப் புரட்டும் நீதியரசர்கள் நம் முகத்தைக் காண்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. அந்த ஓரெழுத்து விடையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஆகவே எதிர்மறைக் கேள்விக்கு "ஓம்", "இல்லை" என்று விடாமல், "நான் போகவில்லை" என்று முழு வாக்கியமாகவே சொல்லவேண்டும்.

"ஓம்" என்பதற்கு மற்றொரு பயனும் நம்மிடம் உண்டு. ஒருவர் பேசும்போது "ஓம், ஓம்" என்று இடையிடையே சொல்வது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் மரியாதை. பெரியவர் ஒருவர் சொன்னால் உடன்பாடில்லாவிட்டாலும் "ஓம் ஐயா" என்போம். முகத்துக்கு நேரே மறுப்பது பண்பன்று என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். குறுக்கு விசாரணை செய்பவர் விடையையே கேள்விக்குள் வைத்துக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. "அன்று இருட்டாயிருந்தது, அல்லவா? நீர் தூரத்தில் நின்றீர், அல்லவா? ஆளை வடிவாய்த் தெரிந்திருக்காது, அல்லவா?" மரியாதைக்கு வந்த மூன்று "ஓம்" ஒரு மனிதனுடைய சாட்சியத்தை அழித்துவிடும். கடைசியாக அவர் கேள்விக் குறியில்லாமலே ஒன்று சொல்வார்: "நீர் அன்று அந்த இடத்திலேயே இருக்கவில்லை என்று சொல்கிறேன்." இது கேள்விதான் என்பது பலருக்கு விளங்குவதில்லை. அவர் ஏதோ சொல்கிறார், சொல்லட்டும் என்று வாளாவிருந்துவிடுகிறார்கள். அங்கே "அது சரியல்ல, நான் அங்கே நின்றேன்" என்று ஒரு வரி பதிவாகவேண்டும்.

"நாங்கள்" என்பதும் இவ்வகையினதே. தன்னைத் தனியே முன்னிறுத்தக் கூசும் அடக்கத்தினாலே, ஒருவன் தனியாகச் செய்ததையும் "நாங்கள் போனனாங்கள், நாங்கள் கண்டனாங்கள்" என்பான். "நாங்கள் என்றால் யார் யார்?" என்று கேட்டதும் திகைப்பான். உறவுமுறைப் பெயர்களும் அப்படியே. "அண்ணை சொன்னார்", "மாமா வந்தார்" என்றால் எந்த அண்ணை, எந்த மாமா? நம் ஊரிலே வயதில் மூத்தவரெல்லாம் அண்ணைதானே! அங்கே பெயரைச் சொல்லுவது மரியாதைக் குறைவன்று.

கையசைவும் ஏட்டிலே ஏறுவதில்லை. "பொல்லு இவ்வளவு நீளம்" என்று கையை விரித்துக் காட்டினால் சுருக்கெழுத்தாளர் எதை எழுதுவார்? ஆனால் அதற்காக அடிக்கணக்கை இட்டுக்கட்டவும் வேண்டியதில்லை. "என் மார்பளவு உயரம்", "சாட்சிக் கூட்டிலிருந்து அந்தக் கதவு வரையுள்ள தூரம்" என்று கண்முன் உள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். நேரமும் அவ்வாறே. "விளக்கு வைக்கிற நேரம்" என்று அறிந்தவன் அவ்வளவே சொல்லட்டும். அதை ஆறே முக்கால் மணியென்று திருத்தமாக்கினால், அன்று கையிலே மணிக்கூடு இருந்ததா என்ற கேள்வி வரும். "தெரியாது", "ஞாபகமில்லை", "கேள்வி விளங்கவில்லை" என்ற மூன்றும் சாட்சிக்குக் குற்றமல்ல. கற்றவர்களுக்குத்தான் அவை வாயில் வருவதில்லை. எழுத்தறியாத கமக்காரர் எவ்வளவோ இயல்பாகச் சொல்லிவிடுகிறார். தான் அக்காலத்திலே எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்க நீதிமன்றத்தின் அனுமதியோடு இயலும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. 159 ஆம் பிரிவு அதற்கு இடந்தருகிறது. கேள்வி அவமதிப்பதற்கோ வீணே நோகடிப்பதற்கோ கேட்கப்பட்டதாயின் அதைத் தடுப்பது நீதிபதியின் கடமை; 152 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சாட்சி தானே சண்டைக்கு நிற்கவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் சொல்லவேண்டும். வடக்குக் கிழக்கிலே தமிழ் நீதிமன்ற மொழி; பிற இடங்களிலே சிங்களம். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, நீதிமன்றத்திலே வழங்கும் மொழியை அறியாத வழக்காளிக்கும் எதிராளிக்கும் அரசு மொழிபெயர்ப்பு வழங்கவேண்டுமென்கிறது. கொழும்பிலே, புதுக்கடையிலே, நம்மவர் பலர் தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலே பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். சந்தையிலே மீன் வாங்கப் போதுமான மொழி சாட்சி சொல்லப் போதாது. தமிழிலே சொல்லுகிறேன் என்று கேட்பதிலே வெட்கமில்லை. அப்படிச் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொல்லவேண்டும். பெயர்ப்பிலே பிழை கண்டால் மொழிபெயர்ப்பாளரோடு வாதிடாமல், நான் சொன்னது அதுவல்ல என்று நீதிபதிக்குத் தெரிவிக்கவேண்டும்.

வேலி வழக்கு முடிந்து பல்லாண்டு சென்றபின், இரண்டாம் முறையாகச் சாட்சிக் கூட்டிலே ஏறும்படி நேர்ந்தது. கடன்சீட்டு ஒன்றிலிருந்த எழுத்து என் பழைய மாணவனுடையதா என்பது பிரச்சினை. ஒருவருடைய கையெழுத்தோடு பழகியவர் அதுபற்றித் தம் கருத்தைச் சொல்லலாமென்று 47 ஆம் பிரிவு கூறுகிறது. அம்முறையிலே என்னை அழைத்தார்கள். வெண்ணெய்நல்லூர்ச் சபை நினைவுக்கு வந்தது. சீட்டைக் கையிலே தந்து, "இது அவருடைய எழுத்தென்று உம்மால் உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் சட்டத்தரணி. மீண்டும் "உம்மால்". நான் நீதிபதியைப் பார்த்தேன். "ஐந்து வருடம் அவருடைய கொப்பிகளைத் திருத்தினேன், ஐயா. ழகரத்தின் காலை அவர் இப்படித்தான் வளைப்பார். இந்த எழுத்து அவருடையதைப் போல இருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றேன். "தெரியாது என்றால் வேறொருவர் எழுதியிருக்கலாம் அல்லவா?" என்றார். "அதுவும் எனக்குத் தெரியாது" என்றேன். அவர் சற்று நின்று, வேறு கேள்வியில்லை என்று அமர்ந்துவிட்டார்.

தலை வணங்கி இறங்கி வந்து வெளி விறாந்தையிலே மணிக்கூட்டைப் பார்த்தேன். உள்ளே நின்றது ஒன்பது நிமிடம். அந்த அம்மாவின் வழக்கிலே ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன்.